பனித் தடத்தில் ஃபேட் பைக்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இருக்கும் மினியாபோலிஸுக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. எட்டுக் குளிர்காலமாகப் பனியில் சைக்கிள் ஓட்டுகிறேன். தமிழ்ப் பள்ளி வாசலில், பொங்கல் விழாப் பந்தியில், ஆபீஸ் லிஃப்டில் என்று எங்கே பார்த்தாலும் நம்மவர்கள் கேட்கிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகப் பதில் சொல்லி, முக்கியமான ஒன்றை விட்டுவிடுகிறேனோ என்ற கவலை எனக்கு உண்டு. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். வெப்பநிலை எல்லாம் செல்சியஸ் கணக்கு.

ஃபேட் பைக்னா என்னக்கா? சாதா சைக்கிள்லயே பெரிய டயர் மாட்டிக்கிட்டா ஆகாதா?

ஆகாது. ஃபேட் பைக்கின் டயர் 3.8 அங்குலத்திலிருந்து 5 அங்குலம் வரை அகலம் இருக்கும். சாதாரண சைக்கிளின் ஃபிரேமிலும் முன் ஃபோர்க்கிலும் அவ்வளவு இடைவெளி கிடையாது, டயர் உள்ளேயே நுழையாது. ரிம், ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி), பெடல் அச்சு எல்லாமே அகலமாக இருக்க வேண்டும். அதனால் இது தனி வண்டி.

இது பிறந்த கதையில் அலாஸ்காவுக்குப் பெரிய பங்கு உண்டு. நாய்வண்டிப் பந்தயத்துக்குப் பேர்போன இடிடராட் தடத்தில் 1987-ல் சைக்கிள் பந்தயம் ஒன்று தொடங்கியது. சாதா டயர் பனியில் புதைந்தது. அங்கே இருந்தவர்கள் இரண்டு ரிம்களைப் பக்கம் பக்கமாக வைத்து வெல்டிங் செய்து அகலமாக்கிப் பார்த்தார்கள். இன்னொரு பக்கம் நியூ மெக்சிகோவில் மணலில் ஓட்ட அகல டயர் செய்துகொண்டிருந்தார்கள். கடைசியில் 2005-ல் சர்லி என்ற கம்பெனி 3.7 அங்குல டயரோடு ‘பக்ஸ்லி’ என்ற வண்டியைக் கடைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகுதான் யார் வேண்டுமானாலும் கடைக்குப் போய் வாங்கலாம் என்ற நிலை வந்தது. அந்தக் கம்பெனி இருப்பது நம் பக்கத்து ஊரான புளூமிங்டனில்தான்.

ஏம்மா, வீட்டுக்குள்ள இருக்காம அந்தக் குளிர்ல எதுக்கு வெளிய போற?

மதுரையிலிருந்து அம்மா போனில் கேட்பது. மற்றவர்களும் கேட்கிறார்கள், கொஞ்சம் நாசூக்காக.

இங்கே நவம்பரில் தொடங்கும் குளிர் மார்ச் வரை போகாது. டிசம்பரில் மாலை நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும். முதல் மூன்று வருடம் நான் வீடு, கார், ஆபீஸ், வீடு என்றே இருந்தேன். பிப்ரவரி வரும்போது மனசு சோர்ந்து போயிருக்கும். தோழி ஒருத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாடகை ஃபேட் பைக்கில் கூட்டிப்போனாள். மைனஸ் 18. காற்றில் பொடிப்பொடியாக ஐஸ் மினுங்கிக்கொண்டிருந்தது. சூரியனுக்கு இரண்டு பக்கமும் இன்னும் இரண்டு சின்னச் சூரியன்கள். காற்றில் மிதக்கும் ஐஸ் படிகங்கள் ஒளியை வளைப்பதால் அப்படித் தெரியும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் காலைக்காகத்தான் இன்னும் போகிறேன்.

அகலமா இருந்தா மட்டும் எப்படிப் புதையாம போகுது?

மெரினா மணலில் சைக்கிளைத் தள்ளிப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். டயர் தரையை அழுத்தும் அழுத்தம், ஏறக்குறைய உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம்தான். நீங்கள், உடுப்பு, சைக்கிள் எல்லாம் சேர்த்து 90 கிலோ என்று வையுங்கள். ரோடு சைக்கிள் டயரில் 80 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) காற்று இருந்தால் இரண்டு டயரும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு சுமார் 16 சதுர செ.மீ. மட்டுமே. ஃபேட் பைக்கில் 5 பி.எஸ்.ஐ. வைத்தால் அதே எடை 250 சதுர செ.மீ.க்கு மேல் பரவுகிறது. ஒவ்வொரு டயரும் விரல் விரித்த ஒரு கையளவு இடத்தில் உட்காருகிறது.

அதாவது வேலையைச் செய்வது அகலம் மட்டும் இல்லை, குறைந்த காற்றும்தான். 5 அங்குல டயரில் 20 பி.எஸ்.ஐ. அடித்துக்கொண்டு பனியில் இறங்கினால் அதுவும் புதையும். அகலம் எதற்கென்றால், அவ்வளவு குறைந்த காற்றிலும் ரிம் தரையில் இடிக்காமல் இருப்பதற்கு.

சரி, அப்போ எவ்வளவு காத்து அடிக்கணும்?

அழுத்திச் சமன் செய்த தடத்தில் 5 முதல் 8 பி.எஸ்.ஐ. புதுப் பனி, இளகிய பனி என்றால் 3, 4. என் எடை 62 கிலோ. நான் பெரும்பாலும் 5-ல் ஓட்டுவேன். என்னைவிட 30 கிலோ கூடுதலாக இருப்பவர் இரண்டு புள்ளி ஏற்றிக்கொள்ளலாம். சாதாரணப் பம்ப்பில் இருக்கும் மீட்டர் இந்த அளவுகளைச் சரியாகக் காட்டாது. 15 பி.எஸ்.ஐ. வரை மட்டும் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

இதில் எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வீட்டுக்குள் 20 டிகிரியில் 8 பி.எஸ்.ஐ. அடித்துவிட்டு மைனஸ் 25-ல் வெளியே போனால், காற்று சுருங்கி டயரில் சுமார் நாலரைதான் இருக்கும். ஒன்றுமே கசியவில்லை, பஞ்சரும் இல்லை, ஆனால் பாதிக்குப் பாதி போய்விட்டது. பலர் இதைப் பஞ்சர் என்று நினைத்துத் திரும்பி வந்திருக்கிறார்கள். வண்டியை வெளியே வைத்து அரை மணி கழித்துக் காற்றைப் பாருங்கள். கிளம்பும்போது கொஞ்சம் கூடுதலாகவே வைத்துக்கொண்டு, தடத்தில் போய்க் குறைப்பது நல்லது. அங்கே நின்று பம்ப் அடிப்பதைவிட வால்வை அழுத்துவது சுலபம்.

பனின்னா எல்லாம் ஒண்ணுதானே?

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். புதிதாக விழுந்த பனி பொலபொலவென்று இருக்கும். அதை அழுத்திவிட்டு ஒரு ராத்திரி சும்மா விட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும். அதனால் தடத்தைச் சமன் செய்த மறுநாள் காலைதான் ஓட்ட மிக நல்ல நேரம். பனி விழுந்த அன்றே ஆசைப்பட்டு இறங்கினால் உங்களுக்கும் கஷ்டம், தடமும் கெடும்.

சத்தத்தைக் கேட்டே குளிரைச் சொல்லலாம். மைனஸ் 3, 4-ல் டயர் சத்தமில்லாமல் போகும். மைனஸ் 10-க்குக் கீழே கறுக் கறுக் என்று கீச்சிடத் தொடங்கும். மைனஸ் 25-ல் பனி மணல் மாதிரி ஆகிவிடுகிறது, டயர் வழுக்கிப் போகாமல் இழுபடும். அன்று நீங்கள் மெதுவாகப் போனால் உங்கள் உடம்பில் குறை ஒன்றும் இல்லை. கோடையில் மணிக்கு 20 கி.மீ. ஓட்டுபவர்கூட பனியில் 8, 10 கி.மீ.தான் போவார். தூரத்தை வைத்துத் திட்டம் போடாமல் நேரத்தை வைத்துப் போடுங்கள்.

எங்கே போய் ஓட்டுறது? பனி இருக்கிற எல்லா இடத்துலயும் போலாமா?

நகரத்துக்குள் தியோடர் விர்த் பூங்கா, ஈகனில் லெபனான் ஹில்ஸ். இரண்டிலும் ஃபேட் பைக்குக்கென்றே காட்டுக்குள் ஒற்றையடித் தடம் சமன் செய்து வைத்திருப்பார்கள். இரண்டு மணி நேரம் கார் ஓட்டத் தயார் என்றால் வடக்கே க்ரோஸ்பி ஊர்ப் பக்கம் குயூனா. அது பழைய இரும்புச் சுரங்கப் பகுதி, மண் குவித்த மேடுகள் எல்லாம் இப்போது காடு.

எல்லா இடத்திலும் போக முடியாது. பனிச்சறுக்குக்காரர்களுக்காக இரட்டைக் கோடு போட்ட தடத்தில் சைக்கிளை ஏற்றவே கூடாது. அந்தக் கோட்டைப் போட ஒருவர் விடியற்காலையில் எழுந்து வேலை செய்திருப்பார். ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் மோட்டார் வண்டி) வரும் தடம் என்றால் வலது ஓரமாகப் போங்கள், முன்னும் பின்னும் விளக்கு எரியட்டும், சத்தம் கேட்டதும் ஒதுங்குங்கள். அப்புறம், திரும்பிப் பார்க்கும்போது உங்கள் டயர் ஓர் அங்குலத்துக்கு மேல் ஆழமாகக் கோடு போட்டிருந்தால் அன்று தடம் ஓட்டத் தயாராக இல்லை என்று அர்த்தம். காற்றைக் குறைத்துப் பாருங்கள், அப்போதும் அப்படியே என்றால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். அந்தக் கோடு ராத்திரி இறுகி, மறுநாள் வருபவரைக் கீழே தள்ளும்.

மைனஸ் 20-ல உடம்பு உறைஞ்சு போயிடாதா?

ஓட்டிக்கொண்டிருக்கும்வரை இல்லை. பெடல் மிதிக்க நம் தசை செலவழிக்கும் சக்தியில் கால்வாசிக்கும் குறைவாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. மிச்சம் எல்லாம் சூடு. ஒரு மேட்டில் ஏறினால் மைனஸ் 20-லும் முதுகு வியர்க்கும்.

ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. நம் ஊரில் வியர்வை உடம்பைக் காப்பாற்றும். இங்கே அதே வியர்வை நம்மைக் கொல்லும். துணி நனைந்திருக்கும்போது ஏதோ காரணத்துக்காக நிற்க வேண்டி வந்தால், அதுவரை உடம்பு செய்துகொண்டிருந்த சூடு நின்றுவிடும், ஈரம் இருக்கிற சூட்டையும் உறிஞ்சிவிடும். ஐந்தே நிமிடத்தில் பல் தந்தியடிக்கும். இந்தப் பக்கம் முழுவதிலும் ஒன்றே ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்வதென்றால் இதை வையுங்கள்: உடுத்துவது ஓடுவதற்கு, பையில் எடுத்துப்போவது நிற்பதற்கு. கீழே வரும் பாதிப் பதில்கள் இதிலிருந்து வருபவைதான்.

அப்போ என்னதான் போட்டுக்கிறது? எங்கிட்ட பெரிய பார்க்கா ஜாக்கெட் இருக்கு, அது போதுமா?

அந்த ஜாக்கெட்டைப் பையில் வையுங்கள், போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள். ஓட்டும்போது மூன்று அடுக்கு போதும்: உடம்போடு ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளி, அதன்மேல் ஃபிளீஸ் என்கிற மெத்தென்ற செயற்கைத் துணிச் சட்டை ஒன்று, எல்லாவற்றுக்கும் மேல் காற்றைத் தடுக்கும் மெல்லிய மேலுடுப்பு. மேலுடுப்புக்கு அக்குளில் ஜிப் இருந்தால் நல்லது. பருத்தி வேண்டவே வேண்டாம். பனியன், ஜீன்ஸ், பருத்திச் சாக்ஸ் எல்லாம் வீட்டில் இருக்கட்டும். நனைந்த பருத்தி காயாது.

கிளம்பும் முதல் பத்து நிமிடம் லேசாகக் குளிர வேண்டும். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் அரை மணியில் வியர்க்கப் போகிறது என்று அர்த்தம். மேட்டுக்கு முன்னாலேயே ஜிப்பைத் திறங்கள், இறக்கத்துக்கு முன்னால் மூடுங்கள். வியர்த்த பிறகு திறப்பதில் பிரயோசனம் இல்லை. வேகத்தையும் இதற்காகவே குறையுங்கள். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போகிற வேகம்தான் சரி.

கை விரல்தான் தாங்கவே மாட்டேங்குது. எந்த கிளவுஸ் நல்லது?

கிளவுஸில் பணத்தைப் போடாதீர்கள். ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் மாட்டுகிற பெரிய உறை ஒன்று இருக்கிறது, இங்கே அதற்குப் போகீஸ் என்று பெயர். பிரேக், கியர் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும், நீங்கள் கையை உள்ளே விட்டு ஓட்டலாம். மைனஸ் 20-ல் நான் உள்ளே ஒரு மெல்லிய கம்பளிக் கிளவுஸ்தான் போடுகிறேன். என்னிடம் இருக்கிற எல்லாப் பொருளிலும் கொடுத்த காசுக்கு மேல் உழைத்தது இதுதான்.

ஒன்றைக் கவனியுங்கள். சட்டைக் கைக்கும் கிளவுஸுக்கும் நடுவே மணிக்கட்டில் இடைவெளி இருக்கக் கூடாது. இரண்டாவது வருடம் எனக்கு அங்கே ஒரு விரல் அகலத்துக்குத் தோல் வெளுத்துப் போனது. ஓட்டும்போது வலியே தெரியவில்லை, வீட்டுக்கு வந்து கழற்றியபோதுதான் பார்த்தேன். மைனஸ் 22. நல்லவேளை, மேல் தோலோடு போயிற்று. அந்த இடம் இன்னும் மற்ற இடங்களுக்கு முன்னால் குளிரை உணர்கிறது.

காலுக்கு? ரெண்டு சாக்ஸ் போட்டா போதுமா?

ஷூ பழைய அளவிலேயே இருந்தால் இரண்டு சாக்ஸ் கெடுதல். கால் இறுகினால் ரத்தம் போகாது, ரத்தம் போகாவிட்டால் எத்தனை சாக்ஸ் போட்டும் பயனில்லை. ஓர் அளவு பெரிய பனி பூட்ஸ், தடித்த கம்பளிச் சாக்ஸ் ஒன்று, தட்டைப் பெடல். இவ்வளவுதான். ஷூவின் அடியில் இருந்து பெடலில் மாட்டும் கிளீட் என்ற துண்டு உலோகம், அது பாதத்தின் அடியிலிருந்து சூட்டை இழுக்கும்.

விரல் மரத்துப்போவது போல இருந்தால் உடனே இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு பத்து நிமிடம் நடங்கள். பெடல் மிதிக்கும்போது பாதம் மடங்குவதில்லை, நடக்கும்போது மடங்கும், ரத்தம் ஓடும். எந்த ஹீட்டரும் இதற்கு ஈடாகாது.

அக்கா, மெட்டி போட்டிருக்கேன். கழட்டணுமா?

கழற்றிவிட்டுப் போவது நல்லது. மெட்டி, மோதிரம் இரண்டும் விரலைச் சுற்றி இறுக்கி ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். விரல் உறைந்து பிறகு வீங்கினால் கழற்றவும் முடியாது. வீட்டில் பெரியவர்கள் வருத்தப்படுவார்கள் என்றால் இந்தக் காரணத்தைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். தோடும் மூக்குத்தியும் துணிக்கு அடியில் மூடியிருந்தால் எனக்குத் தொந்தரவு தந்ததில்லை. திறந்து கிடந்தால் காது மடல் சுடுவது போல வலிக்கும். தாலிச் செயின் உள்ளாடைக்குள் உடம்புச் சூட்டில் இருப்பதால் கவலை இல்லை.

காத்தே இல்லாத நாள்தானே, முகத்தை மூடணுமா?

மூட வேண்டும், ஏனென்றால் காற்றை நீங்களே உண்டாக்குகிறீர்கள். மைனஸ் 20-ல் இலை அசையாத நாளில் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போனால் முகத்துக்கு அது மைனஸ் 29 போல. அந்த அளவில் திறந்திருக்கும் தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையக்கூடும். இறக்கத்தில் இன்னும் சீக்கிரம். மூக்கு நுனி, கன்னத்து மேடு, காது மடல் மூன்றும்தான் முதலில் போகும். கூட வருபவர் முகத்தை அவ்வப்போது பாருங்கள், உங்கள் முகத்தை அவர் பார்க்கட்டும். நம் நிறத்தில் வெளுப்பு சட்டென்று தெரியாது, சாம்பல் பூத்த மாதிரியோ மெழுகு மாதிரியோ தெரியும்.

மூக்கையும் வாயையும் ஒரே துணியால் இறுக்கி மூடினால் மூச்சின் ஈரம் மேலே ஏறிக் கண்ணாடியில் உறையும். வாய்ப் பக்கம் தளர்வாக விடுங்கள். கால் மணியில் துணி ஐஸாகிப் பலகை போல ஆகிவிடும், அதனால் இன்னொன்று பையில் இருக்கட்டும். இமை மயிர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், உள்ளங்கையை ஒரு நிமிடம் வைத்தால் விடும். ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம். வறண்ட குளிர்காற்று மூச்சுக்குழலைச் சுருக்கும்.

தண்ணி உறைஞ்சு போச்சு, வழி நெடுக ஒரு மடக்குகூடக் குடிக்கல. என்ன பண்றது?

வாய் அகலமான ஃபிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றி எடுத்துப்போங்கள். சாதாரண பாட்டில் என்றால் தலைகீழாக வையுங்கள். ஐஸ் மேலே இருந்துதான் பிடிக்கும், மூடிப் பக்கம் கடைசியில் உறையும். முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பை வைத்திருப்பவர்கள் அதை மேலுடுப்புக்கு உள்ளே போட்டு, குடித்து முடித்ததும் குழாயில் ஊதி மிச்சத் தண்ணீரைப் பைக்குள் தள்ளிவிடுங்கள். தாகம் எடுக்காது, ஆனாலும் குடியுங்கள். வெள்ளை வெள்ளையாய்ப் போகிற ஒவ்வொரு மூச்சும் உங்கள் உடம்புத் தண்ணீர்தான்.

சாப்பிட என்ன எடுத்துட்டுப் போறீங்க?

முதல் தடவை கடலை மிட்டாய் எடுத்துப்போனேன், மைனஸ் 20-ல் கடைவாய்ப் பல்லில் விரிசல் விட்டுத் திரும்பினேன். சாக்லேட், பேரீச்சம்பழம் எல்லாம் கல்லாகும். இட்லி வெள்ளைக் கூழாங்கல். ஈரம் இருக்கிறதெல்லாம் உறையும், கொழுப்பு அதிகம் இருப்பது ஓரளவு தாங்கும்.

இப்போது நான் எடுத்துப்போவது வறுத்த முந்திரி, நெய் விட்டு உதிரியாகச் செய்த எள்ளுப்பொடி வெல்லம், காரா பூந்தி. கையளவு பூந்தியைப் பையிலிருந்து நேரே வாயில் போட்டுக்கொள்ளலாம், கடிக்கச் சிரமமே இல்லை. எதுவானாலும் வீட்டிலேயே ஒரு வாய் அளவாக உடைத்து, உள் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். நாற்பது நிமிடத்துக்கு ஒரு தடவை சாப்பிடுங்கள். சூட்டுக்கு விறகு அதுதான்.

நாம தாங்கினாலும் சைக்கிள் தாங்குமா?

பெரும்பாலும் தாங்கும், சில இடங்களில் கைவிடும். எண்ணெயும் கிரீஸும்தான் காரணம். மைனஸ் 25-ல் கிரீஸ் மெழுகாகிவிடுகிறது. பின் சக்கர ஹப்புக்குள் சின்னச் சின்னப் பற்கள் இருக்கும். பெடல் மிதிக்கும்போது அவை வெளியே துள்ளி வந்து பிடித்தால்தான் சக்கரம் சுற்றும். கிரீஸ் கெட்டியானால் அவை வெளியே வராது. எனக்கு ஒரு ஜனவரியில் இது நடந்தது. மைனஸ் 27, காரிலிருந்து 6 கி.மீ. தள்ளி. கால் முன்னால் சுற்றுகிறது, சக்கரம் அப்படியே நிற்கிறது. முந்தின மாதம்தான் ஒரு கடையில் சர்வீசுக்கு விட்டிருந்தேன், சாதா கிரீஸை நிறைய வைத்திருந்தார்கள். பையிலிருந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரம் தள்ளிக்கொண்டு நடந்தேன். அந்த ஜாக்கெட் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை. குளிர்காலத்துக்கு ஹப்பைத் திறந்து சுத்தம் செய்து, குளிருக்கென்று இருக்கும் மெல்லிய மசகை மட்டும் போடச் சொல்லிக் கேளுங்கள்.

எண்ணெயில் இயங்கும் பிரேக்குகளில் மினரல் ஆயில் ஊற்றியது கடும் குளிரில் மந்தமாகும், டாட் என்ற வகை பிரேக் ஆயில் பரவாயில்லை, கேபிளில் இழுக்கும் டிஸ்க் பிரேக் எனக்குப் பிடித்தது. முன் சஸ்பென்ஷன் வேண்டாம், அது இறுகிப்போகும், டயரே போதுமான அளவு அமுங்குகிறது. வண்டியை வீட்டுக்குள் கொண்டுவருவதையும் வெளியே கொண்டுபோவதையும் மாற்றி மாற்றிச் செய்யாதீர்கள். சூட்டில் ஈரம் படியும், கேபிள் உறைக்குள் இறங்கும், மறுபடி வெளியே போனதும் உறைந்து பிடித்துக்கொள்ளும். கராஜிலேயே இருக்கட்டும்.

போன் 60 சதவீதம் இருந்தது, திடீர்னு அணைஞ்சு போச்சே?

லித்தியம் பேட்டரி குளிரில் மின்சாரம் தரத் திணறும். உடம்புச் சூட்டில், உள் பாக்கெட்டில் வையுங்கள், வெளியே எடுத்துப் படம் பிடித்ததும் திரும்ப உள்ளே. விளக்குக்கு உபரி பேட்டரியும் அதே இடத்தில். மின்சார ஃபேட் பைக் வைத்திருப்பவர்கள் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போடாதீர்கள், நிரந்தரமாகக் கெடும்.

ஏரி முழுக்க உறைஞ்சிருக்கு. மேல ஓட்டலாமா?

மினசோட்டா இயற்கை வளத் துறை சொல்வது: நடந்து போக, தெளிவான புது ஐஸ் குறைந்தது 4 அங்குலம் கனம் வேண்டும். சைக்கிளுக்கும் நான் அதையே குறைந்தபட்சமாக வைத்துக்கொள்கிறேன். வெள்ளையாக, பனி கலந்து உறைந்த ஐஸுக்குப் பாதி வலுதான், அப்போது இரண்டு மடங்கு கனம் தேவை. ஓடை சேரும் இடம், பாலத்தடி, ஊற்று இருக்கும் இடம் எல்லாம் ஜனவரியிலும் மெலிந்திருக்கும். மேலே பனி போர்த்தியிருந்தால் ஐஸ் மெதுவாகத்தான் கனக்கும், அதனால் குளிரை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

மீன் பிடிப்பவர்கள் துளை போட்டிருப்பார்கள், அவர்களிடம் கனத்தைக் கேளுங்கள், சொல்வார்கள். கழுத்தில் மாட்டும் ஐஸ் ஆணி ஒரு ஜோடி அவசியம். உள்ளே விழுந்தால் அதைக் குத்தித்தான் மேலே ஏற முடியும். பளிங்கு ஐஸில் ஓட்ட ஆணி பதித்த டயர் வேண்டும், வெறும் ரப்பர் அங்கே நிற்காது.

விரல் மரத்து வெள்ளையாயிடுச்சு. பனியை வச்சுத் தேய்க்கலாம்னு சொல்றாங்களே?

கூடவே கூடாது. உறைந்த சதைக்குள் ஐஸ் இருக்கிறது, தேய்த்தால் கிழியும். தொட்டால் இன்னும் மெத்தென்று அமுங்குகிறது, நிறம் மட்டும் போயிருக்கிறது என்றால் அது ஆரம்பநிலை. விரலை அக்குளில் வைத்துச் சூடேற்றுங்கள், உணர்வு திரும்பும்போது சுரீரென்று வலிக்கும், அது நல்ல அறிகுறி. அன்றைய ஓட்டம் அதோடு முடிந்தது.

கட்டை போல் கெட்டியாகிவிட்டால் அது ஃப்ராஸ்ட்பைட், அதாவது சதையே உறைந்துபோன நிலை. வெதுவெதுப்பான, 37 முதல் 39 டிகிரி தண்ணீரில் வைத்துத்தான் இளக வைக்க வேண்டும், அதுவும் மறுபடி உறையாது என்று உறுதியான இடத்துக்கு வந்த பிறகே. பாதி வழியில் இளகி மறுபடி உறைந்தால் சேதம் பல மடங்கு. அடுப்பு, ஹீட்டர், நெருப்பு பக்கம் கொண்டுபோகாதீர்கள், உணர்வு இல்லாத விரல் வெந்தாலும் தெரியாது. உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இருநூறு கிலோமீட்டர் பனியில ஓட்டுற போட்டி இருக்காமே, நிஜமா?

நிஜம்தான். ஆரோஹெட் 135. 2005-ல் தொடங்கியது. ஜனவரிக் கடைசியில், கனடா எல்லையோரம் இருக்கும் இன்டர்நேஷனல் ஃபால்ஸில் கிளம்பி டவர் ஊருக்கு 135 மைல், அதாவது 217 கி.மீ. 60 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். சைக்கிளிலோ, பனிச்சறுக்கிலோ, நடந்தோ போகலாம். டவர் பக்கம்தான் 1996 பிப்ரவரி 2 அன்று மைனஸ் 51 பதிவாகி இந்த மாநிலத்தின் சாதனைக் குளிராக நிற்கிறது. அலாஸ்காவில் இடிடராட் தடத்தில் 350 மைல், 1000 மைல் என்று இதைவிடப் பெரியவையும் உண்டு. நான் எதிலும் கலந்துகொண்டதில்லை.

ஆனால் ஆரோஹெட்டில் கட்டாயம் சுமக்க வேண்டிய சாமான் பட்டியலை எல்லோரும் ஒரு தடவை படிக்க வேண்டும். மைனஸ் 29 தாங்கும் தூக்கப் பை, கீழே விரிக்கும் மெத்தை, பனியை உருக்க அடுப்பும் பாத்திரமும், முடிக்கும்போதும் கையில் மிச்சம் இருக்க வேண்டிய 3000 கலோரி உணவு, கழுத்தில் கட்டிய விசில். வாய் குளிரில் விறைத்துக் கத்த முடியாமல் போகலாம் என்பதால் விசில். முன்னே சொன்னேனே, பை நிற்பதற்கு என்று. அந்தப் பட்டியல் முழுவதுமே நிற்க நேர்ந்தால் உயிரோடு இருப்பதற்குத்தான்.

தனியா போலாமா? எப்போ போகவே கூடாது?

நகரப் பூங்காவில், பத்து நிமிடத்தில் சாலைக்கு வந்துவிடலாம் என்றால் தனியாகப் போகிறேன். எந்தத் தடம், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு. அதற்கு மேல் தனியாகப் போவதில்லை. என் எல்லை மைனஸ் 25. ஹப் பிடிக்காமல் போன அந்த நாளுக்குப் பிறகு வைத்துக்கொண்ட எல்லை அது. காய்ச்சல், தூக்கமின்மை, முந்தின இரவு மது, எதிர்காற்றில் திரும்ப வேண்டிய வழி, இவற்றில் ஒன்று இருந்தாலும் போக மாட்டேன். போகும்போதே எதிர்காற்று இருக்கிற மாதிரித் திசையைத் தேர்ந்தெடுங்கள். வியர்த்துக் களைத்துத் திரும்பும் நேரத்தில் காற்று முதுகில் இருக்க வேண்டும்.

கூட வந்தவருக்கு நடுக்கம் நின்னுபோச்சு, "இப்போ பரவால்ல"ன்னு சொல்றார். அப்போ தேறிட்டார்னுதானே அர்த்தம்?

இந்தக் கேள்வியைப் போன வருடம் ஒருவர் கேட்டார், அதனால்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன். இல்லை. சூடான இடத்துக்கு வராமலே நடுக்கம் நின்றால் உடம்பு தோற்றுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு முன்னாலேயே அறிகுறி தெரிந்திருக்கும். பேச்சு குழறும், ஜிப்பைப் போட விரல் ஒத்துழைக்காது, சமதளத்தில் தடுமாறுவார், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் எரிந்து விழுவார். அவர் சொல்வதை நம்பாதீர்கள், அந்த நிலையில் மூளை சரியாக வேலை செய்யாது.

இங்கே அவசர உதவி எண்ணான 911-ஐக் கூப்பிடுங்கள். அவரை நடக்கவோ ஓட்டவோ விடாதீர்கள். பனியில் நேரடியாக உட்கார வைக்காமல் பை, மெத்தை, ஏதாவது ஒன்றின் மேல் மெதுவாகப் படுக்க வையுங்கள். காற்றுப் படாமல் மறைத்துக்கொண்டு ஈரத் துணியை எடுத்துவிட்டு, எல்லோருடைய பையிலும் இருக்கும் ஜாக்கெட்டையும் தலை முதல் கால் வரை சுற்றுங்கள். வெந்நீர் பாட்டில் இருந்தால் துணியில் சுற்றி அக்குளிலும் மார்பிலும் வையுங்கள். கை கால்களைத் தேய்க்காதீர்கள். தெளிவாகப் பேசி, தானாக விழுங்க முடிந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம் கொடுங்கள். மது கொடுக்கவே கூடாது. உதவி வரும்வரை அவர் பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டே இருங்கள், அப்புறம் உங்கள் ஜிப்பையும் மூடிக்கொள்ளுங்கள், நீங்களும் இப்போது நின்றுகொண்டுதான் இருக்கிறீர்கள்.